ஆறு ஏறினால் ஏறும்... இறங்கினால் இறங்கும்! தாய்லாந்தின் மிதவை வீடுகளில் ஓர் இரவு

கடையைக்கால் தோண்டி, சுவர் எழுப்பி, கூரை போட்டுவிட்டால் வீடு நிற்கும். அதன்பிறகு ஓடு மாற்றுவது, வெள்ளையடிப்பது என்று மேல்வேலைதான். ஆனால், தாய்லாந்தின் சகே கிராங் ஆற்றில் குடியிருக்கும் குடும்பங்களுக்கு அந்த நிம்மதி கிடையாது. அவர்களின் வீடுகள் மூங்கில் கட்டுகளின் மேல் மிதக்கின்றன. தண்ணீர் ஏறும்போது வீட்டைக் கரைப்பக்கம் இழுக்க வேண்டும். இறங்கும்போது ஆற்றுக்குள் தள்ள வேண்டும். ஒரு நாள் கவனிக்காமல் விட்டாலும் வீடு சேற்றில் சாய்ந்துவிடும்.

இந்த வீடுகளில் சிலவற்றில் வெளியூர்க்காரர்கள் இரவு தங்கிப்போகவும் இடம் தருகிறார்கள். வருகிறவர்களுக்கு அது ஒரு வேடிக்கை அனுபவம். வீட்டுக்காரர்களுக்கோ மீன், ரம்பை இலை, மூங்கில் வேலை என்று ஏற்கெனவே உள்ள வருமானத்தோடு சேரும் இன்னொரு சிறு வருமானம்.

எங்கே இருக்கிறது இந்த ஊர்?

பாங்காக்கிலிருந்து வடக்கே சுமார் 220 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது உதய்தானி நகரம். பெயரைக் கேட்டதும் நமக்குப் பாதி புரிந்துவிடும். 'உதயம்' என்ற சொல்லும், 'ராஜதானி'யில் வரும் 'தானி'யும் சேர்ந்த பெயர்தான் அது. நகரத்தை ஒட்டி ஓடுகிறது சகே கிராங் ஆறு. மேற்கே மலைக்காடுகளில் பிறந்து வந்து, தாய்லாந்தின் பெரிய ஆறான சாவோ பிரயாவில் கலக்கிறது. ஒரு கரையில் காலைச் சந்தை. எதிர்க்கரையில் உபோசதாராம் என்ற பழைய புத்தர் கோயிலும், எண்கோண வடிவில் ஒரு மண்டபமும் உள்ளன. அந்தப் பக்கம் இருக்கும் கோ தேபோ தீவில் பம்பளிமாசுத் தோட்டங்களும் மூங்கில் புதர்களும் நிறைய. இரு கரைகளையும் ஒட்டி, ஆற்றின் மேலேயே வரிசையாக மிதக்கின்றன வீடுகள்.

இவை சுற்றுலாவுக்காகக் கட்டப்பட்டவை அல்ல. குவாய் ஆற்றில் பயணிகளுக்காகவே அமைத்த மிதவை விடுதிகள் பல உண்டு. சகே கிராங்கில் இருப்பவை தலைமுறை தலைமுறையாகக் குடும்பங்கள் வாழும் வீடுகள். கரையில் உள்ள வீட்டைப்போலவே இவற்றுக்கும் அரசாங்கப் பதிவும் கதவு எண்ணும் உண்டு. கரையிலிருந்து மின்கம்பி வருகிறது. குழாய்த் தண்ணீரும் வருகிறது. குழாய் இல்லாத காலத்தில் ஆற்றுத் தண்ணீரை ஜாடியில் மொண்டு, படிகாரம் போட்டுக் கலக்கி, தெளியவைத்துப் புழங்கினார்கள்.

'பீர்க்கங்காய்' மேல் உட்கார்ந்திருக்கும் வீடு!

மிதவை வீட்டின் உயிர் அதன் அடியில் இருக்கிறது. நீளமான மூங்கில்களைக் கட்டுக்கட்டாகச் சேர்த்து, தரைச் சட்டத்துக்குக் கீழே வரிசையாக நுழைத்திருப்பார்கள். இந்தக் கட்டுக்குத் தாய் மொழியில் 'லுக் புவாப்' என்று பெயர். அதற்கு நேர்ப்பொருள் பீர்க்கங்காய்.

மூங்கில் ஏன்? அதன் கணுக்கள்தான் காரணம். ஒவ்வொரு கணுவும் ஒரு தடுப்புச்சுவர். இரண்டு கணுக்களுக்கு நடுவே காற்று அடைபட்டிருக்கும். ஒரு மூங்கில் என்பது மூடிபோட்ட பல பாட்டில்களை வரிசையாக ஒட்டியதுபோல. ஓர் இடத்தில் வெடித்தால் அந்த ஓர் அறைக்குள் மட்டும்தான் தண்ணீர் புகும். மற்ற அறைகள் வீட்டைத் தாங்கிக்கொள்ளும்.

மரம், மூங்கிலோடு பழகியவர்களுக்குத் தெரியும். எப்போதும் தண்ணீருக்குள் முங்கிக் கிடப்பது சீக்கிரம் கெடாது. நனைந்து காய்ந்து, மறுபடி நனைவதுதான் முதலில் இற்றுப்போகும். மிதவையிலும் அதே கதைதான். நீர்மட்டத்தை ஒட்டி இருக்கும் மூங்கில்களே முதலில் போகின்றன. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கட்டுகளை மாற்றித்தான் ஆக வேண்டும்.

அதற்காக வீட்டைக் கரையேற்றுவதில்லை. பழைய கட்டுகளில் ஒன்றை உருவி எடுத்துவிட்டு, புதுக் கட்டை வீட்டின் பக்கத்தில் மிதக்கவிடுகிறார்கள். அதைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்து, சட்டத்துக்குக் கீழே தள்ளிவிட வேண்டும். மிதக்கவே பிறந்த மூங்கில் கட்டை அமுக்குவது சாதாரண வேலை அல்ல. ஆற்றுக்குள் இறங்கி வேலை செய்யப் பழகிய ஆட்கள் வேண்டும். ஒன்றை மாற்றி முடித்த பிறகே அடுத்ததில் கை வைப்பார்கள். அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்போதே அஸ்திவாரம் மாறுகிறது!

மூங்கில் விலை ஏறிக்கொண்டே போகிறது. இந்த வேலை தெரிந்த ஆட்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். ஒரு மிதவை வீட்டுக் குடும்பத்துக்குப் பெரிய செலவு எது என்றால், இதுதான்.

அந்த ஓர் இரவு...

கரையிலிருந்து ஒற்றை நடைபலகை வழியாகத்தான் வீட்டுக்குள் போக வேண்டும். தண்ணீர் குறைந்திருக்கும் மாதங்களில் பலகை செங்குத்தாக இறங்கும். ஆறு நிறைந்திருக்கும்போது சமதளமாக இருக்கும். மழைக்காலத்துக்கும் கோடைக்கும் நடுவே நீர்மட்டம் சில மீட்டர் வித்தியாசப்படும். பலகையின் சரிவைப் பார்த்தே ஆற்றின் நிலையைச் சொல்லிவிடலாம்.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே கால் வைத்ததும் தரை லேசாக அசையும். முதல் அரை மணி நேரம் புதியவர்களுக்கு அது ஒரு மாதிரியாக இருக்கும். பிறகு பழகிவிடும். ஆற்றைப் பார்த்தபடி ஒரு திண்ணை. நடுவில் ஒரு கூடம். பின்னால் சமையலறை. சுவர்கள் பலகையாலோ மூங்கில் தட்டியாலோ ஆனவை. பாரம் கூடக்கூடாது என்பதால் கூரைக்குத் தகரம். கனமான சாமான்களை ஒரே மூலையில் குவிக்க முடியாது. அப்படி வைத்தால் வீடு அந்தப் பக்கம் சாயும். பீரோ ஒரு பக்கம் என்றால் தண்ணீர் ஜாடிகள் மறுபக்கம். பத்து விருந்தாளிகள் வந்தாலும் எல்லோரும் ஒரே ஓரத்தில் போய் நிற்கக்கூடாது.

இரவுச் சாப்பாட்டில் மீன்தான் முதல் பதார்த்தம். முழு மீனைப் பொரித்து, மிளகாய்த் துவையலோடும் வேகவைத்த காய்களோடும் வைப்பார்கள். புகையில் வாட்டிய மீனும் இந்த ஆற்றங்கரையின் தயாரிப்பு. சாப்பிட்டு முடித்ததும் கூடத்திலேயே மெத்தை விரித்து, கொசுவலை கட்டிப் படுக்கை.

விளக்கை அணைத்த பிறகுதான் வீட்டின் சத்தங்கள் கேட்கத் தொடங்கும். மூங்கிலும் மூங்கிலும் உரசும் கிறீச்சொலி. கயிறு இழுபடும் முனகல். எப்போதாவது மோட்டார் படகு ஒன்று போகும். அது போய்க் கொஞ்ச நேரம் கழித்தே அலை வந்து வீட்டைத் தூக்கி இறக்கும். அவ்வப்போது 'பளக்' என்று ஒரு சத்தம். பக்கத்துக் கூண்டில் இருக்கும் மீன்கள் மேலே வந்து காற்றுக் குடிக்கின்றன.

நீர்மட்டம் மாறும் நாள்களில் வீட்டுக்காரர் நடுராத்திரியிலும் எழுந்து டார்ச் அடித்துப் பார்ப்பார். வீட்டின் நான்கு மூலையிலும் கயிறுகள் உண்டு. அவை கரையில் அடித்த முளைகளிலும் ஆற்றில் ஊன்றிய கம்பங்களிலும் கட்டப்பட்டிருக்கும். தண்ணீர் இறங்கும்போது கயிற்றைத் தளர்த்தி வீட்டை ஆழமான பக்கம் தள்ளவில்லை என்றால், கரைப்பக்கத்து மூங்கில் தரைதட்டிவிடும். ஒரு பக்கம் தரையிலும் மறுபக்கம் தண்ணீரிலும் நின்றால், வீட்டின் பாரமெல்லாம் சட்டத்தை முறிக்கப் பார்க்கும். மழைக்காலத்தில் இதற்கு நேர்மாறான வேலை. நீரோட்டம் வேகமாகும்போது வீட்டைக் கரையோரம் இழுத்துக் கட்ட வேண்டும். ஆகாயத்தாமரைக் கூட்டமும் அடித்துவரும் மரக்கட்டைகளும் வீட்டில் முட்டினால், கழியால் தள்ளிவிட வேண்டும். மாடு கன்று போடும் ராத்திரியில் தொழுவத்துக்குப் போய்ப் பார்ப்பதுபோலத்தான் இதுவும். தூக்கம் பார்த்தால் ஆகாது.

பொழுது விடியும்போது ஆற்றின் மேல் மெல்லிய பனி. பாலத்தில் துறவிகள் பிட்சைப் பாத்திரத்தோடு நடந்து வருவார்கள். அதற்குள் கரையில் சந்தை கூடியிருக்கும். மிதவை வீட்டு மீனும் இலையும் அங்கேதான் விலைபோகின்றன.

கூண்டில் குராமி, மிதவையில் ரம்பை!

ஒவ்வொரு வீட்டின் பக்கத்திலும் மீன் கூண்டுகள் மிதக்கின்றன. மரத்தாலும் மூங்கிலாலும் செய்தது அந்தக் காலம். இப்போது பெரும்பாலும் வலை. இங்கே பெயர்பெற்ற மீன் ராட்சத குராமி. உள்ளூரில் 'பிளா ராட்' என்கிறார்கள். சகே கிராங் ஆற்றுக் குராமிக்குத் தாய்லாந்து அரசின் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. ஓடும் தண்ணீரில் வளர்வதால் சேற்று வாடை இல்லாமல் சதை நன்றாக இருக்கும் என்பதே இதற்குப் பெயர் வந்த காரணம்.

குராமிக்கு இரண்டு குணங்கள் உண்டு. செவுளோடு சேர்த்து, காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் உறுப்பும் அதற்கு இருக்கிறது. அதனால் தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்தாலும் ஓரளவு தாக்குப்பிடிக்கும். இரண்டாவது, அது இலைதழையை விரும்பித் தின்னும். வள்ளைக்கீரை, பாசி, சமையலறையில் கழிக்கும் காய்கறி எல்லாம் அதற்குத் தீவனம். கடையில் வாங்கும் தீவனச் செலவு இதனால் குறைகிறது. குறை என்று பார்த்தால், மெதுவாகத்தான் வளரும். ஒரு கிலோ எடை வர ஓராண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டும்.

வீட்டை ஒட்டி மூங்கில் சட்டங்களுக்குள் ரம்பை வளர்க்கிறார்கள். பிரியாணிக்கும் சோற்றுக்கும் வாசத்துக்காகப் போடுகிறோமே, அதே நீளமான பச்சை இலை. தாய்லாந்துப் பலகாரங்களுக்குப் பச்சை நிறமும் வாசமும் தருவது இதுதான். வேர் எப்போதும் ஈரத்திலேயே இருப்பதால் தண்ணீர் பாய்ச்சும் வேலை இல்லை. இலையை அறுத்துக் கட்டுக் கட்டி, படகில் ஏற்றிச் சந்தைக்கு அனுப்புகிறார்கள். நிலம் என்று ஒரு சென்ட்கூட இல்லாத குடும்பம், ஆற்றின் மேல் பயிரும் மீனும் வைத்துப் பிழைக்கிறது.

பாங்காக்கே மிதந்த காலம்

ஒரு காலத்தில் இது அபூர்வக் காட்சி அல்ல. 19-ம் நூற்றாண்டில் பாங்காக் நகரத்து மக்களில் பெரும்பகுதி சாவோ பிரயா ஆற்றிலும் கால்வாய்களிலும் மிதவை வீடுகளில்தான் வாழ்ந்தார்கள். கடைகள்கூட மிதந்தன. பக்கத்து வீட்டோடு சண்டை வந்தால் கயிற்றை அவிழ்த்து வேறு இடத்துக்குப் போய்விடலாம்! 1864-ம் ஆண்டு சாரோன் குருங் சாலை போடப்பட்ட பிறகு, நகரம் மெல்ல மெல்லத் தண்ணீரிலிருந்து தரைக்கு நகரத் தொடங்கியது. வடக்கே பிட்சானுலோக் நகரத்தில் நான் ஆற்றின் மீதிருந்த மிதவை வீடுகளும் பின்னாளில் கரைக்கு மாற்றப்பட்டுவிட்டன. அப்படிக் குறைந்து குறைந்து, இன்று பழைய முறையில் மிஞ்சியிருக்கும் ஆற்று மிதவைக் குடியிருப்புகளில் முக்கியமானது சகே கிராங்.

இதற்கும் ஒரு முட்டுக்கட்டை உண்டு. இங்கே புதிய மிதவை வீடுகளுக்குக் கதவு எண் தருவதில்லை. ஏற்கெனவே பதிவில் உள்ள வீட்டைப் பழுதுபார்த்து வைத்துக்கொள்ளலாம். அது இற்றுப்போய்க் கைவிடப்பட்டால், அதன் இடத்தில் புதிதாக ஒன்று வராது. எனவே, ஒரு குடும்பம் மூங்கில் மாற்ற முடியாமல் கரையேறினால், ஆற்றின் மேல் ஒரு வீடு நிரந்தரமாகக் குறைகிறது.

ஆறு தரைதட்டியபோது...

வெள்ளத்துக்கு இந்த வீடுகள் அஞ்சுவதில்லை. 2011-ம் ஆண்டு தாய்லாந்தின் மத்தியச் சமவெளியில் பல பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கின. அப்படிப்பட்ட நேரத்தில் தரையில் உள்ள வீடு மூழ்கும். மிதவை வீடு தண்ணீரோடு சேர்ந்து மேலே போகும். இந்த அறிவைத் தரை வீட்டுக்கும் பயன்படுத்த முடியுமா என்ற யோசனை அதன்பிறகு வலுத்தது. தாய்லாந்தின் தேசிய வீட்டுவசதி ஆணையம், அயுத்தயா பகுதியில் ஒரு மாதிரி வீட்டை 2013-ம் ஆண்டு கட்டிப் பார்த்தது. சாதாரண நாளில் அது தரையில் உட்கார்ந்திருக்கும். வெள்ளம் வந்தால் மிதந்து எழும்பும்.

மிதவை வீட்டின் உண்மையான எதிரி வறட்சி. சகே கிராங்கின் நீர்மட்டத்தை அந்த ஆற்று மழை மட்டும் தீர்மானிப்பதில்லை. அது கலக்கும் இடத்துக்குக் கீழே, 1957-ல் கட்டி முடிக்கப்பட்ட சாவோ பிரயா அணை இருக்கிறது. அந்த அணை தண்ணீரைத் தேக்கினால், இந்த ஆற்றுக்குள்ளும் தண்ணீர் ஏறி நிற்கும். அந்த அணைக்குத் தண்ணீர் வடக்கே உள்ள பூமிபோல், சிரிகிட் என்ற இரண்டு பெரிய அணைகளிலிருந்து வர வேண்டும். அந்தத் தண்ணீருக்கு நெல் விவசாயி காத்திருக்கிறார். பாங்காக்கின் குடிநீர்க் குழாய் காத்திருக்கிறது. கடல்நீர் ஆற்றுக்குள் ஏறாமல் தள்ளுவதற்கும் அதே தண்ணீர்தான் வேண்டும்.

2019-ல் மழை குறைந்தது. பெரிய அணைகளில் இருப்பு சரிந்தது. 2020-ன் தொடக்கத்தில் பாங்காக் குழாய்த் தண்ணீரே உப்புக்கரித்தது. அந்த வறட்சியில் சகே கிராங்கில் தண்ணீர் வற்றி, மிதவை வீடுகள் வரிசையாகத் தரைதட்டின. தள்ளிவிட ஆழம் இல்லை. வெயில் பட்ட மூங்கில் வெடிக்கும். சாய்ந்த வீட்டில் சட்டம் முறியும். தண்ணீர் திரும்பி வந்தாலும், வெடித்த மூங்கில் திரும்ப மிதக்காது. மீன் கூண்டுகளை எஞ்சியிருக்கும் ஆழத்துக்கு நகர்த்த வேண்டும். நெருக்கமாக அடைபட்ட மீன்கள் எவ்வளவு நாள் தாங்கும்?

நெல்லுக்குத் தண்ணீர் கேட்க விவசாயிகள் இருக்கிறார்கள். குடிநீருக்கு நகரம் குரல் கொடுக்கும். ஆற்றில் தண்ணீர் சும்மா நின்றாலே போதும் என்பவர்களின் கோரிக்கை, அணைக் கணக்கில் கடைசியில்தான் வருகிறது. அவர்கள் தண்ணீரை எடுப்பதுமில்லை, குறைப்பதுமில்லை. அது அங்கே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்த இடத்தில்தான் இரவு தங்கும் விருந்தினரின் பணத்துக்கு ஒரு மதிப்பு வருகிறது. ஒரு குடும்பம் தங்கிப்போன காசு ஒரு வறட்சியை ஈடுகட்டாது. ஆனால், அடுத்த மூங்கில் கட்டு மாற்றுவதைத் தள்ளிப்போடாமல் இருக்க உதவும். படித்துவிட்டு நகரத்துக்குப் போன பிள்ளைகள், பெற்றோரின் வீட்டுக்கு இன்னும் மதிப்பு இருக்கிறது என்று நினைக்கவும் ஒரு காரணம் கிடைக்கும். அதே சமயம், விருந்தினர் கூடும்போது கழிவும் கூடும். கழிப்பறைக் கழிவும் சோப்புத் தண்ணீரும் நேரே ஆற்றில் விழுந்தால், முதலில் சாவது பக்கத்துக் கூண்டில் இருக்கும் மீன்தான். கழிவைத் தொட்டியில் பிடித்து அகற்றும் வசதி உள்ள வீட்டைத் தேர்ந்தெடுப்பது, தங்கப் போகிறவரின் பொறுப்பு.

தங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு...

* நவம்பர் முதல் பிப்ரவரி வரை குளிர்ந்த காலம். செப்டம்பர், அக்டோபரில் ஆறு நிறைந்து ஓடும். சிறு குழந்தைகளோடு போகிறவர்கள் அந்த மாதங்களைத் தவிர்ப்பது நல்லது.

* நீச்சல் தெரியாதவர்களும் குழந்தைகளும் திண்ணையில் இருக்கும்போதே லைஃப் ஜாக்கெட் அணிய வேண்டும். இரவில் பாத்ரூம் போக விளக்கு இருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

* கயிறு, முளை, கூண்டு ஆகியவற்றில் வீட்டுக்காரரைக் கேட்காமல் கை வைக்காதீர்கள். பிளாஸ்டிக் பைகளை ஆற்றில் போடாதீர்கள்.

கேள்வி - பதில்

ராட்சத குராமியை நம் பண்ணைக்குட்டையில் வளர்க்கலாமா?

குராமி நமக்குப் புதிதல்ல. 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அது சென்னை மாகாணத்துக்குக் கொண்டுவரப்பட்டது. மெதுவாக வளர்வதால் கெண்டை மீன்களைப்போல அது இங்கே பரவவில்லை. வெளிநாட்டு இனம் என்பதால், வளர்க்க விரும்புகிறவர்கள் மாவட்ட மீன்வளத்துறை அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு இறங்குவதே சரி. எந்த நிலையிலும் ஆறு, ஏரிகளில் விடக்கூடாது.

ரம்பையை விதை போட்டு வளர்க்க முடியுமா?

முடியாது. வீடுகளில் வளர்க்கும் ரம்பை விதை பிடிப்பதில்லை. தாய்ச்செடியின் அடியில் வரும் பக்கக்கன்றுகளைப் பிரித்து நட வேண்டும். அரைநிழலும் விடாத ஈரமும் இருந்தால் போதும். கிணற்றடி, பாத்திரம் கழுவும் தண்ணீர் போகும் வாய்க்கால் ஓரம் ஏற்ற இடம். அடியிலிருக்கும் முற்றிய இலைகளை மட்டும் அறுத்து, நுனிக்குருத்தை விட்டுவிட்டால் ஒரே செடியில் பல ஆண்டுகள் இலை பறிக்கலாம்.

மூங்கிலுக்குப் பதில் பிளாஸ்டிக் டிரம் வைத்து மிதவை போடலாமா?

போடலாம். டிரம் சீக்கிரம் கெடாது. ஆனால் டிரம் ஓட்டையானால் முழுவதும் தண்ணீர் புகுந்து, அந்த மூலை மொத்தமாக அமிழும். மூங்கிலில் ஒரு கணுவோடு சேதம் நின்றுவிடும். குட்டையில் பம்ப்செட் வைக்கச் சிறு மிதவை போடுகிறவர்கள், ஒன்றிரண்டு பெரிய டிரம்களுக்குப் பதில் பல சிறிய டிரம்களை நாலாபுறமும் பிரித்துக் கட்டுவது பாதுகாப்பு.